கேளுங்க சொல்றேன்: அமெரிக்காவுல சீட் கிடைக்கல, மாஸ்கோவுல மகுடம் கிடைச்சுது

போன இதழ்ல ஒருத்தர் "என்பிஏ ஆடாமலே பெரிய ஆளான அமெரிக்க பாஸ்கெட்பால் பிளேயர் யாராச்சும் உண்டா"ன்னு கேட்டிருந்தார், நானும் ஜே.ஆர். ஹோல்டன்னு ஒத்த வரியில பதில் போட்டுட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். வினையே அங்கதான். யாரு அவரு, எந்த ஊரு, அமெரிக்காக்காரனுக்கு ரஷ்யாவுல என்ன வேலைன்னு இன்பாக்ஸ் ரொம்பி வழியுது. சரி, இந்த வாரம் கிரிக்கெட், சினிமா எல்லாத்துக்கும் லீவு. முழுக்க ஐரோப்பாவுக்கு பொழைக்கப் போன அமெரிக்க கார்டுங்க கதைதான். என்பிஏன்னா அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக், கார்டுன்னா பந்த தட்டிகிட்டு வந்து ஆட்டத்த நடத்தற ஆள்.

கே: என்பிஏல ஒரு மேட்ச் கூட ஆடலன்னா திறமை பத்தலன்னுதானே சார் அர்த்தம்? (ஒரு காலேஜ் பிளேயர், ராஜபாளையம்)

ப: தம்பி, முதல்ல கணக்க பாருங்க. இன்னைக்கு என்பிஏல 30 டீம், டீமுக்கு 15 பேர், ஆக 450 சீட். அதுக்கு உலகம் பூரா க்யூ நிக்குது. ஹோல்டன் பிட்ஸ்பர்க்ல பொறந்தவர், பக்னெல்னு ஒரு யுனிவர்சிட்டில ஆடினார், படிப்புக்குத்தான் அந்த இடத்துக்குப் பேரு, பாஸ்கெட்பாலுக்கு இல்ல. உயரம் ஒரு 185 செ.மீ., நம்ம ஊர்ல நெட்டையன்னு சொல்லுவோம், அங்க அது குள்ளம். 1998ல வெளிய வர்றார், டிராஃப்ட்ல, அதாவது என்பிஏ டீமுங்க புது பசங்கள வரிசையா பொறுக்கி எடுக்கற இடத்துல, யாரும் எடுக்கல, போதாக்குறைக்கு அந்த வருஷம்தான் முதலாளிங்களுக்கும் பிளேயர்ஸுக்கும் சம்பளத் தகராறு வந்து என்பிஏவே பூட்டிக் கெடந்துச்சு, சீசன் ஆரம்பிக்கவே 1999 பிப்ரவரி ஆயிடுச்சு. உள்ள இருக்கறவனுக்கே வேலை இல்ல, வெளிய நிக்கறவன் என்ன பண்ணுவான்? ஹோல்டன் லாட்வியாவுக்கு பிளைட் ஏறிட்டார்.

லாட்வியாங்க! ரீகா ஊர் குளிர்ல ஒரு வருஷம். அங்கிருந்து பெல்ஜியத்துல ஓஸ்டெண்டே, ரெண்டு வருஷம். அப்புறம் ஏதென்ஸ்ல ஏஇகே, அங்க ஒரே வருஷம், ஆனா அந்த ஒரு வருஷத்துல கிரீஸ் லீக் சாம்பியன். 2002ல சிஎஸ்கேஏ மாஸ்கோ கூப்பிட்டுச்சு, போனவர் 2011ல ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒம்போது சீசன் அங்கயேதான். ஒம்போதுலயும் ரஷ்ய லீக் கப் இவங்களுக்குத்தான். படிப்படியா ஏறினது தெரியுதா? சின்ன லீக், நடு லீக், பெரிய லீக், ராஜா வீடு. ஐரோப்பாவுல ஒரு அமெரிக்க கார்டோட நல்ல கேரியர்னா இப்படித்தான் இருக்கும், எடுத்த எடுப்புலயே பெரிய கிளப் கூப்பிடாது.

யூரோலீக்னு ஒண்ணு இருக்கு, ஃபுட்பால்ல சாம்பியன்ஸ் லீக் மாதிரி, ஐரோப்பாவோட பெரிய கிளப்புங்க எல்லாம் மோதுற இடம். சிஎஸ்கேஏ கடைசியா அந்தக் கோப்பைய தூக்குனது 1971ல, சோவியத் காலத்துல. அதுக்கப்புறம் பணத்த கொட்டியும் கிடைக்கல, 2005ல ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நாலு டீம் மோதுற கட்டம், சொந்த ஊர் மாஸ்கோவுலயே நடந்துச்சு, அதுலயும் செமில ஸ்பெயின் டீம் டாவ்கிட்ட தோத்து மானம் போச்சு. அடுத்த சீசனுக்கு இத்தாலிக்கார கோச் எத்தோரே மெசினா வந்தார், 2006ல பிராக்ல மக்காபி டெல் அவிவை 73-69னு ஜெயிச்சு 35 வருஷ ஏக்கம் தீந்துச்சு. 2008ல மாட்ரிட்ல திரும்பவும் அதே மக்காபிய அடிச்சு ரெண்டாவது கப். நடுவுல 2007, பின்னால 2009, ரெண்டு ஃபைனலும் கிரீஸோட பனதினைகோஸ்கிட்ட ரெண்டு ரெண்டு பாயின்ட்ல போச்சு, அத சொன்னா மாஸ்கோ ரசிகனுக்கு இன்னைக்கும் வயிறு எரியும்.

இப்ப சொல்லுங்க தம்பி, திறமை பத்தலயா, சீட் பத்தலயா?

கே: சிஎஸ்கேஏன்னு படிச்சதும் தோனி பாஸ்கெட்பால் டீம் வாங்கிட்டாரோன்னு நெனச்சேன்! (சென்னை வாசகி)

ப: கடைசில ஒரு 'ஏ' இருக்கு தங்கச்சி. அது ராணுவத்தோட கிளப். விசில் போட்டா அங்க ரெஃப்ரீ மட்டும்தான் போடணும்.

கே: அமெரிக்கரா இருந்துகிட்டு ரஷ்யாவுக்கு எப்படி ஆடினார்? பாஸ்போர்ட் அவ்வளவு ஈசியா குடுத்துடுவாங்களா? (கோவை வாசகர்)

ப: நமக்கு ரேஷன் கார்டுல பேர் சேக்கவே நாலு நடை நடக்கணும், ஹோல்டனுக்கு 2003ல புடினே கையெழுத்து போட்டு குடியுரிமை குடுத்தார். காரணம் பாசம் மட்டும் இல்ல சார், கணக்கும் இருக்கு. ஐரோப்பாவுல பல நாட்டு உள்ளூர் லீக்ல வெளிநாட்டுக்காரன் இத்தனை பேருக்கு மேல கூடாதுன்னு கோட்டா வச்சிருப்பாங்க. ஒரு அமெரிக்கன் கையில உள்ளூர் பாஸ்போர்ட் வந்துடுச்சுன்னா அவன் உள்ளூர்க்காரன் கணக்குல போயிடுவான், கிளப்புக்கு இன்னொரு வெளிநாட்டுக்காரன எடுக்க இடம் காலி ஆகும். அதனால அங்க பாஸ்போர்ட்டும் ஒரு திறமை மாதிரிதான், த்ரீ பாயின்ட் ஷாட்டுக்கு இருக்கற அதே மதிப்பு. தாத்தா பாட்டி இத்தாலி, கிரீஸ்னு எங்கயாவது பொறந்திருந்தா ஏஜென்ட் முதல்ல அந்த பர்த் சர்டிபிகேட்டத்தான் தேடுவார்.

தேசிய அணிக்கு வேற ரூல். இப்படி நடுவுல குடியுரிமை வாங்கினவங்க ஒரு டீமுக்கு ஒரே ஒருத்தர்தான் ஆடலாம். ரஷ்யா அந்த ஒத்த இடத்த ஹோல்டனுக்கு குடுத்துச்சு. "நம்ம பசங்க இல்லையா, கடன் வாங்கின ஆள் எதுக்கு"ன்னு அங்கயும் முணுமுணுப்பு இருந்துச்சு, எந்த நாட்டுல இல்ல?

அப்புறம் 2007 செப்டம்பர். யூரோ பாஸ்கெட், அதாவது ஐரோப்பிய தேசிய அணிங்க மோதுற போட்டி, அதோட ஃபைனல், இடம் மாட்ரிட், எதிர்ல ஸ்பெயின். முந்தின வருஷம்தான் உலக சாம்பியன் ஆன டீம் அது, அவங்க ஸ்டார் பாவ் கசோல் இருக்கார், சொந்த ஊர், சொந்த ஜனம், கப்ப வாங்கி வீட்ல வைக்க வேண்டியதுதான் பாக்கின்னு எல்லாரும் நெனச்சாங்க. ரஷ்யாவுக்கு கோச் டேவிட் பிளாட், அவரும் அமெரிக்காவுல பொறந்து இஸ்ரேல்ல வருஷக்கணக்கா ஆடின ஒரு கார்டுதான், பாத்தீங்களா வேடிக்கைய. மேட்ச் அழகா ஒண்ணும் இல்ல, ரெண்டு பக்கமும் ஷாட் விழவே மாட்டேங்குது, இழுபறி. கடைசியில ஸ்பெயின் 59, ரஷ்யா 58, பந்து ரஷ்யா கையில. ஹோல்டன் பந்த தட்டிகிட்டே நிக்கறார், அவர காவல் காக்கறவன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பாத்துகிட்டு இருக்கான், சட்டுனு உள்ள ஒரு அடி வச்சு, நின்னு, எம்பி ஒரு ஷாட். வளையத்துல பட்டு எகிறி உள்ள விழுது. 60-59. மிச்சம் ரெண்டு செகண்ட் சொச்சம். அதுலயும் கசோலுக்கு ஒரு ஷாட் கிடைச்சுது, விழல. அவ்வளவு பெரிய அரங்கம் எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. சோவியத் யூனியன் 1985ல ஜெயிச்சதுக்கப்புறம் ரஷ்யாவுக்கு வந்த முதல் ஐரோப்பிய பட்டம், அத போட்டது பிட்ஸ்பர்க் பையன் கை. அந்த கிளிப்ப நான் எத்தனை தடவ பாத்தேன்னு கணக்கு இல்ல, ஒவ்வொரு தடவயும் வளையத்துல பந்து எகிறும்போது இந்த தடவ வெளிய போயிடுமோன்னு ஒரு பயம் வரும்.

அந்த டோர்னமென்ட்ல சிறந்த பிளேயர் அவார்டு ரஷ்யாவோட ஆந்த்ரே கிரிலென்கோவுக்கு போச்சு, அது நியாயம்தான்.

கே: அப்ப ஸ்பெயின்காரங்களுக்கு இந்த பாஸ்போர்ட் விவகாரம்னாலே எரிச்சலா இருக்குமே? (மதுரை வாசகர்)

ப: இருந்துச்சு. அப்புறம் 2022ல லொரென்சோ பிரவுன்னு ஒரு அமெரிக்க கார்டு, அதுக்கு முன்னாடி ஸ்பெயின்ல எந்த கிளப்புக்கும் ஆடாதவர், அவருக்கு ஸ்பெயின் அவசர அவசரமா குடியுரிமை குடுத்துச்சு. அங்கயும் ஏகப்பட்ட புகைச்சல். அந்த வருஷ யூரோ பாஸ்கெட்ட ஸ்பெயின் ஜெயிச்சுது, பாயின்ட் கார்டு பிரவுன்தான். புகைச்சல் எல்லாம் அன்னிக்கு ராத்திரியே காத்தோட போச்சு. மாமியார் உடைச்சா மண்குடம்.

கே: சம்பளம் எல்லாம் ஒழுங்கா வருமா? என் அண்ணன் பையன் வெளிநாட்டு கிளப்ல ஆடப்போறேன்னு நிக்கறான், பயமா இருக்கு. (திருச்சியிலிருந்து ஒரு அம்மா)

ப: நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. பெரிய கிளப்புன்னா பிரச்சனை கம்மி, சின்ன கிளப்புன்னா கொஞ்சம் முழிச்சிருக்கணும். பொதுவா ஐரோப்பாவுல சம்பளத்த கைக்கு வர்ற தொகையாத்தான் பேசுவாங்க, வரிய கிளப் கட்டிடும். அதோட தங்க ஒரு அபார்ட்மென்ட், ஓட்ட ஒரு கார், ஊருக்கு போய்வர டிக்கெட், இதெல்லாம் கான்ட்ராக்ட்லயே எழுதியிருக்கும். போய் இறங்கினதும் மெடிக்கல் டெஸ்ட், அதுல பாஸ் ஆனாத்தான் கான்ட்ராக்ட் உயிரோட இருக்கும்.

சிக்கல் எங்க வரும்னா, ஸ்பான்சர் கைய விரிச்சுட்டா மாசச் சம்பளம் நிக்கும். "அடுத்த வாரம், அடுத்த வாரம்"னு இழுப்பாங்க. முன்னாடி எல்லாம் பிளேயர் அந்த நாட்டு கோர்ட்டுக்குத்தான் அலையணும், மொழியும் தெரியாது, வக்கீலும் தெரியாது, பாதிப்பேர் வயித்தெரிச்சலோட ஊரப்பாத்து போயிடுவாங்க. 2007ல உலக பாஸ்கெட்பால் சம்மேளனம் இதுக்குன்னே ஒரு நடுவர் மன்றம் ஆரம்பிச்சுது, ஜெனீவாவுல. ஒரே ஒரு நடுவர், வழக்கு இங்கிலீஷ்ல, தீர்ப்பும் ரொம்ப இழுக்காது. தீர்ப்ப கிளப் மதிக்கலன்னா புது பிளேயர் யாரையும் பதிவு பண்ண முடியாதபடி தடை விழும், அங்கதான் கிளப் பயப்படும். ஆனா ஒண்ணு, தகராறு வந்தா அந்த மன்றத்துக்கு போவோம்னு கான்ட்ராக்ட்லயே ஒரு வரி இருந்தாத்தான் அங்க போக முடியும். பையன் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த வரி இருக்கான்னு நீங்களே ஒரு தடவ படிச்சு பாத்துடுங்கம்மா. எவ்வளவு சம்பளம்ங்கறது அதுக்கப்புறம்.

கே: ஆட்டம் ஒண்ணுதானே, அமெரிக்காக்காரங்க அங்க போய் ஏன் முதல் மூணு மாசம் முழிக்கறாங்க? (சேலம் கோச்)

ப: சார், உங்களுக்கு தெரியாததா, இருந்தாலும் மத்தவங்களுக்காக சொல்றேன். என்பிஏல 48 நிமிஷம், அங்க 40. அமெரிக்காவுல ஆறாவது ஃபவுல்லதான் வெளிய போகணும், அங்க அஞ்சுலயே கதை முடிஞ்சுது. த்ரீ பாயின்ட் லைன் என்பிஏல 7.24 மீட்டர், அங்க 6.75. இதெல்லாம் ஒரு வாரத்துல பழகிடும். பழகாதது ரெண்டு.

ஒண்ணு, கூடைக்கு கீழ இருக்கற இடம். என்பிஏல தடுக்கற டீமோட நெட்டையன் யாரையும் மார்க் பண்ணாம மூணு செகண்டுக்கு மேல உள்ள நிக்கக்கூடாது, ஐரோப்பாவுல அந்த ரூலே கிடையாது, ஏழடி ஆள் ஒருத்தன் கூடைக்கு அடியில பாய் விரிச்சு படுக்காத குறையா நிப்பான். அங்க இடம் காலியா இருக்கும்னு நம்பி புகுந்து புகுந்து அடிச்சு பழகின கார்டு போய் அவன் மேல முட்டிகிட்டு நிக்கும். அதனால பிக் அண்ட் ரோல, அதாவது கூட ஆடறவன் சுவர் மாதிரி நின்னு காவல்காரன மறிக்க, பந்து வச்சிருக்கறவன் வழி தேடற ஆட்டத்த, பொறுமையா, ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணு தடவ ஆடி வழி தேடணும். அதோட பந்த பிடிச்சு கிளம்பும்போது ஊனின கால தூக்கறதுக்கு முன்னாடியே பந்து கைய விட்டு தரைக்கு போகணும், அமெரிக்க பசங்க கால முதல்ல எடுத்துடுவாங்க, ட்ராவல்னு விசில் விழும், அவங்க கைய விரிச்சு ரெஃப்ரீய பாப்பாங்க.

ரெண்டாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். யூரோலீக் பட்டியல்ல ரெண்டு டீம் சமமா வந்தா, அவங்க ரெண்டு பேரும் மோதின மேட்ச்சோட பாயின்ட் வித்தியாசத்த பாப்பாங்க. மாட்ரிட்ல 8 பாயின்ட்ல ஜெயிச்சுட்டு இங்க 7ல தோத்தாலும் மொத்தத்துல நீதான் மேல. அதனால மேட்ச் தோத்தாச்சுன்னு தெரிஞ்ச பிறகும் கடைசி 20 செகண்ட்ல டைம் அவுட் எடுத்து ஷாட்டுக்கு பிளான் போடுவாங்க. புதுசா வந்த அமெரிக்கன் பந்த தரையில வச்சுட்டு கைகுலுக்கப் போவான், பெஞ்ச்ல இருந்து கோச் தலையில அடிச்சுகிட்டு கத்துவார்.

கே: ஐரோப்பாவுல ஆடின அமெரிக்க கார்டுகள்ல யாரு கதை உங்கள ரொம்ப பாதிச்சுது? (யாழ்ப்பாண வாசகர்)

ப: யோசிக்கவே வேணாம், அல்ஃபோன்சோ ஃபோர்ட். மிசிசிப்பில பொறந்தவர், மிசிசிப்பி வேலி ஸ்டேட்னு யாரும் திரும்பிப் பாக்காத ஒரு காலேஜ்ல ஆடி 3165 பாயின்ட் அடிச்சவர், அமெரிக்க காலேஜ் சரித்திரத்துலயே அன்னிக்கு அது மேல இருந்து நாலாவது இடம். என்பிஏல சியாட்டில், பிலடெல்பியான்னு எல்லாம் சேத்து மொத்தமே 11 மேட்ச். அப்புறம் ஸ்பெயின்ல ஹூவெஸ்கா, அப்புறம் கிரீஸ், அங்க பாபாகு, ஸ்போர்டிங், பெரிஸ்டெரி, ஒலிம்பியாகோஸ்னு டீம் மாறி மாறி ஆடினார். யூரோலீக்ல அவரோட சராசரி 22க்கு மேல. 40 நிமிஷ ஆட்டத்துல, டீமே 75, 80 அடிக்கற காலத்துல 22ன்னா என்னன்னு யோசிச்சு பாருங்க. 2001லயும் 2002லயும் யூரோலீக்ல அதிக சராசரி இவருதான். பிறகு இத்தாலியில சியனா, 2003ல அந்த டீம ஃபைனல் ஃபோர் வரைக்கும் கொண்டு போனார். கடைசியா பெசாரோ.

இவ்வளவும் ரத்தப் புற்றுநோயோட. 1997லயே கண்டுபிடிச்சுட்டாங்க, வெளிய சொல்லல. சொன்னா யாரும் கான்ட்ராக்ட் குடுக்க மாட்டாங்கன்னு பயமா, இரக்கப்பட்டு பாப்பாங்கன்னு கூச்சமா, அது அவருக்கே வெளிச்சம். 2004 ஆகஸ்ட்ல உடம்பு முடியல, இனி ஆட முடியாதுன்னு சொன்னார், செப்டம்பர் 4ல போயிட்டார். வயசு 32. ஒரு மாசம் கூட இடைவெளி இல்ல பாருங்க, அதுதான் எனக்கு தொண்டைய அடைக்குது. அந்த சீசன்ல இருந்து யூரோலீக்ல அதிக சராசரி வர்றவருக்கு குடுக்கற கோப்பைக்கு அவர் பேர்தான்.

கே: இப்ப ஆடறவங்கள்ல யாரு டாப்? (ஒரு பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி)

ப: மைக் ஜேம்ஸ். போர்ட்லண்ட் பையன், 2012ல இவரையும் டிராஃப்ட்ல யாரும் எடுக்கல. குரோஷியா, இத்தாலியில ஒரு கீழ்மட்ட லீக், கிரீஸ்ல ரோட்ஸ் தீவுன்னு சுத்திட்டு ஸ்பெயின்ல பாஸ்கோனியாவுலதான் பேர் வாங்கினார். நடுவுல என்பிஏ ஃபீனிக்ஸ்க்கும் புரூக்ளினுக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்தார். ஃபோர்ட் பேர்ல இருக்கற அந்த கோப்பைய 2019ல மிலானுக்கு ஆடறப்ப வாங்கினார். 2023-24 சீசன்ல கிரீஸோட ஸ்பனூலிஸ தாண்டி யூரோலீக் சரித்திரத்துலயே அதிக பாயின்ட் அடிச்ச ஆள் ஆனார், அந்த சீசன் எம்விபியும், அதாவது சிறந்த பிளேயரும், அவர்தான், டீம் மொனாக்கோ. கொஞ்சம் முன்கோபி, சிஎஸ்கேஏல கோச்சோட முட்டிகிட்டு சஸ்பெண்ட் ஆனவர். ஆனா ஷாட் போட குடுக்கற நேரத்த காட்டற ஷாட் கிளாக்குல நாலு செகண்ட்தான் மிச்சம், பிளான் எல்லாம் ஊத்திகிச்சுன்னா, பந்த அவர் கையில குடுத்துட்டு எல்லாரும் ஒதுங்கி நிப்பாங்க. ஷேன் லார்கினையும் சேத்து பாரு, இஸ்தான்புல் எஃபெஸ் டீம், 2019ல பயர்ன் மேல ஒரே மேட்ச்ல 49 அடிச்சவர், இப்ப துருக்கி பாஸ்போர்ட் வேற. பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சப்புறம் பாரு.

கே: பெண்கள் யாரும் போகலையா? எப்பவும் பசங்க கதைதானா? (புதுச்சேரி வாசகி)

ப: கோச்சுக்காதீங்க, பெண்களுக்குத்தான் ஐரோப்பா ரொம்ப நாளா இன்னும் முக்கியமா இருந்துச்சு. டயானா டோராசி, உலகத்துலயே பெரிய கார்டு, 2015ல சொந்த ஊர் டபிள்யூஎன்பிஏ, அதாவது பெண்களோட என்பிஏ, சீசனயே ஆடாம விட்டுட்டார், ஏன்னா ரஷ்யாவுல எகடெரின்பர்க் கிளப் "நீ சும்மா ரெஸ்ட் எடு, அந்த சம்பளத்தயும் நாங்களே தர்றோம்"னு குடுத்துச்சு. அமெரிக்காவுல கிடைச்சதவிட அங்க பல மடங்கு. பெக்கி ஹாமன்னு இன்னொரு கார்டு, ஹோல்டன் மாதிரியே ரஷ்ய பாஸ்போர்ட் வாங்கி 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸ்ல ரஷ்யாவுக்கு ஆடினார். அமெரிக்காவுல துரோகி ரேஞ்சுக்கு பேசினாங்க. செமில அமெரிக்காகிட்ட தோத்தாலும் வெண்கலத்தோட வந்தார். அமெரிக்க டீம்ல இடம் குடுக்காதவங்க வேற எங்கயும் ஆடாதன்னா எப்படி?

கே: சினிமாவுக்கு பழைய ஹீரோன்னா எம்ஜிஆர். இவங்களுக்கெல்லாம் பழைய ஹீரோ யாரு? (வேலூர் வாசகர்)

ப: மைக் டி'அன்டோனி. 1977ல இருந்து 1990 வரைக்கும் மிலான், அஞ்சு இத்தாலி பட்டம், 1987லயும் 1988லயும் ஐரோப்பிய கோப்பை. தாத்தா இத்தாலிக்காரர், அதனால இத்தாலி தேசிய அணிக்கும் ஆடினார். மீசை வச்சிருப்பார், பந்த திருடறதுல கில்லாடி, ஆர்சேன் லூபான்னு கதையில வர்ற திருடன் பேர வச்சே கூப்பிட்டாங்க. இத்தாலியில வளந்த கோபி பிரையன்ட் சின்ன வயசுல இவர் ரசிகன்.

கே: ஒரே ஒரு சீரிஸ் தேடிப் பாக்கணும்னா எது? (ஈரோடு வாசகர்)

ப: 2002 கிரீஸ் லீக் ஃபைனல், அஞ்சு மேட்ச். ஏஇகே முதல் ரெண்டும் தோத்துட்டு அடுத்த மூணையும் வரிசையா ஜெயிச்சு கப் வாங்கின சீரிஸ். ஏஇகே பக்கம் 25 வயசு ஹோல்டன், சீக்கிரமே மாஸ்கோவுல இருந்து அழைப்பு வரப்போகுதுன்னு தெரியாம ஆடிகிட்டு இருப்பார். எதிர்ல ஒலிம்பியாகோஸ், அந்த சீசன்ல அவங்க கார்டு ஃபோர்ட். நோய் வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, கேலரியில கத்திகிட்டு இருக்கற ஜனத்துக்கு அது தெரியாது.